ஐஸில் கரைந்த பன்னிரண்டு பேர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பாள் அம்மா. தொற்று பரவிய அந்த வருஷம் மூக்கின் மேல் இரண்டு முகக்கவசம், அதற்கும் மேல் ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. உட்கார இடம் போதாமல் கோபம் நேராக வாய்க்கு வந்துவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அதில் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் பட்ட கோபத்தை மட்டும் இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ராயபுரத்தில் ஓர் ஆய்வகத்தில் நான் டெக்னீஷியன். தெருவுக்குத் தெரு தகரம் அடித்து மூடியிருந்த மாதங்கள் அவை. மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்த மாதிரிகள் காலையில் பெட்டி பெட்டியாக வந்து சேரும். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நீளக் குழாய். உள்ளே வெளிர் சிவப்பில் ஒரு திரவம், அதில் குச்சியின் முனை. குழாயின் மேல் பேர், வயது, எண். அந்த மூன்றையும் தாண்டி அந்த ஆளைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. திரவத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, மெஷினில் ஓட்டி, வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை.

நான் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். அம்மா மீன் விற்கிறவள். வீட்டுக்குக் கிருமியைக் கொண்டுபோய்விடக் கூடாதென்று ஆய்வகத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். தங்கச்சி குப்பத்திலேயே, எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அப்போது அவளுக்கு நிறைமாதம்.

அந்த வாரம் அவளை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு, வயிற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது, வெள்ளிக்கிழமை காலையில் ஆபரேஷன், வியாழக்கிழமை சாயங்காலமே வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஏழு மணிக்குள் கையில் ரிப்போர்ட்டோடு போனால் சாதாரணப் பிரசவ வார்டு. ரிப்போர்ட் இல்லாமல் போனால் சந்தேக வார்டு. அங்கே பிள்ளை பிறந்த கையோடு தாயிடமிருந்து பிரித்து வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தாயின் முடிவு வரும்வரை, இரண்டு நாளோ மூன்று நாளோ, அவள் பிள்ளையின் முகத்தைக் கண்ணாடிக்கு வெளியில் நின்றுகூடப் பார்க்க முடியாது. தங்கச்சிக்கு இது தலைச்சன். அதற்கு முன் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே கலைந்து போயிருந்தது. போனில் அவள் மறுபடி மறுபடி ஒன்றையேதான் கேட்டாள்.

"அக்கா, கொயந்தைய என் கையில குடுப்பாங்கல்ல?"

"குடுப்பாங்கடி. நாளைக்கு டெஸ்ட் எடுக்குறாங்க, எங்க லேபுக்குத்தான் வருது. நானே ஓட்றேன். நீ சளி கிளின்னு ஒண்ணும் இல்லாம ஒயுங்கா இரு."

"மணலி காத்து இங்க வரைக்கும் கப்பு அடிக்குது. மூக்கு நல்லாத்தான் வேலை செய்து" என்று சிரித்தாள். மணலிக் கம்பெனிகளின் நாற்றம் தெரிகிற வரைக்கும் நமக்கு நோய் இல்லை என்பது அப்போது எங்கள் பக்கத்து வைத்தியம்.

மறுநாள், வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் நைனா. மாதிரிப் பெட்டிகளை ஏற்றி இறக்குவதற்கு எடுத்த தற்காலிக ஆள், ஐம்பத்தைந்து வயசிருக்கும். அதற்கு முன் முப்பது வருஷம் மீன்பிடித் துறைமுகத்தில் மீனை ஐஸ் வைத்துக் கட்டுகிற வேலை. துறைமுகத்தை மூடியதால் இங்கே வந்துவிட்டார். ஆய்வகத்தில் எல்லாரும் அவரை நைனா என்றுதான் கூப்பிட்டோம். அப்பாவை அழைப்பதுபோல நீ என்றே பேசுவோம்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே குழாய் எதுவும் தெரியவில்லை. வாய் வரைக்கும் உடைத்த ஐஸ்.

வழக்கமாக இந்தப் பெட்டிகளில் ஜெல் பைகளை உறைய வைத்துப் போட்டு அனுப்புவார்கள். முதல் நாள் சுகாதார நிலையத்தில் கரண்ட் போய், ஜெல் பைகள் கொழகொழவென்று ஆகிவிட்டிருந்தன. நைனா யாரையும் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்குப் போய், தெரிந்தவர்களைப் பிடித்து ஐஸ் உடைத்து வாங்கி வந்திருக்கிறார். வஞ்சிரம் கட்டுவதைப்போல ஓர் அடுக்கு ஐஸ், ஓர் அடுக்கு குழாய், மறுபடி ஓர் அடுக்கு ஐஸ். குழாய்களைப் போட்டுத் தரும் உறைகளும் அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தன. பேர் ஒட்டுகிற ஸ்டிக்கரும் இல்லை. முகாம் நர்ஸ் வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி, அதன் மேல் மைப்பேனாவால் எழுதியிருந்தார். ஐஸ் கரைந்து தண்ணீராகி, மை முழுக்க அந்தத் தண்ணீரில் நீலமாக இறங்கிவிட்டிருந்தது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஐஸ் இன்னும் கரைகிறது, இன்னும் அழிகிறது. பாதுகாப்பு அறைக்குள் பெட்டியைக் கொண்டுபோய், கையுறை போட்ட இரண்டு கையாலும் குழாய்களை அள்ளி ஒரு தட்டில் கொட்டினேன். அம்மா கூடையைக் கவிழ்ப்பதும் அப்படித்தான். பிறகு ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன். பன்னிரண்டு குழாய். ஒன்றில்கூட ஓர் எழுத்து இல்லை. இரண்டு குழாயில் பிளாஸ்திரியே கழன்று பெட்டித் தண்ணீரில் மிதந்தது.

பெட்டியின் மூடியில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் உறைக்குள் படிவங்கள் மட்டும் நனையாமல் பத்திரமாக இருந்தன. பன்னிரண்டு படிவம். எட்டுப் பேர் ஒரே படகில் தொழில் செய்கிறவர்கள். அந்தப் படகில் ஒருவருக்குத் தொற்று வந்ததால் மற்றவர்களுக்கும் சோதனை. நாலு பேர் நிறைமாதக்காரிகள். நாலாவது படிவம் என் தங்கச்சியுடையது.

நான் வெளியே வந்து நைனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா நைனா செஞ்சி வெச்சிகிற? மீனுன்னு நெனச்சிகினியா?"

"மீனா இருந்தா பேர் எய்திக் குடுக்க மாட்டாங்கம்மா" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே விளக்கம் சொன்னார். "ஐஸு சரியா கீதா இல்லியா, அத்த பாரு மொதல்ல."

பெட்டியோடு வந்த தெர்மாமீட்டரைப் பார்த்தேன். மூன்று டிகிரி. அத்தனை மாதத்தில் எங்களுக்கு வந்த எந்தப் பெட்டியும் அவ்வளவு ஒழுங்கான குளிரில் வந்ததில்லை. அது என் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது. வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். ஐஸ் கட்டுகிற புத்தியை ஐஸ் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கக் கூடாதா என்றேன். நானே ஐஸில் வளர்ந்தவள் என்பது அந்த நிமிஷத்தில் எனக்கு ஞாபகம் இல்லை. அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கடைசியில்தான் சொன்னார்.

"வரிசையாத்தான் வெச்சேன்மா. அடி அடுக்கு போட்டுக்காரங்க. மேல் அடுக்கு பொம்பளைங்க, அதுவும் படிவம் எப்டி இருந்திச்சோ அதே வரிசை. மேலேர்ந்து ஒண்ணொண்ணா எடுத்தியா?"

அள்ளிக் கொட்டியது என் கை. மை அழிந்தாலும் வரிசை மிச்சம் இருந்திருக்கிறது, அதையும் நான் அழித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

எங்கள் தலைமை டாக்டர் மாடியில் இருந்தார். சட்டம் பேசுகிற மனுஷி. நல்லவர், ஆனால் சட்டம் பேசுகிறவர். உள்தொடர்பு போனில், இரண்டு முகக்கவசத்துக்கு உள்ளிருந்து, "மேடம், பன்னெண்டு பேரும் போச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "பன்னெண்டு பேரா? எப்போ? எந்த ஆஸ்பத்திரியில?" என்றார்.

"ஐயோ, ஆள் இல்ல மேடம். பேரு. எழுதின பேரு அழிஞ்சிருச்சி."

இன்றைக்கு இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன். அன்றைக்கு அவர் படியிறங்கி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. ஆள் சாகவில்லை என்ற நிம்மதி ஒரு நிமிஷம். அடுத்த நிமிஷமே சட்டம் வந்துவிட்டது.

"பேரில்லாத குழாய்க்கு ரிப்போர்ட் கிடையாது. நிராகரிச்சதா எழுதுங்க. மறுபடி எடுக்கச் சொல்லுங்க."

முகாமுக்குப் போன் போட்டோம். மாதிரி எடுக்கிற குழு அன்றைக்கு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டது. குப்பத்துக்கு இனி மறுநாள் காலையில்தான். மறுநாள் காலையில் என் தங்கச்சி ஆபரேஷன் மேஜையில் இருப்பாள்.

நாலாவது படிவம் என் தங்கச்சியுடையது என்று டாக்டரிடம் சொன்னேன். சொல்லக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் மறைத்து வைத்துக்கொண்டு அந்தக் குழாய்களைத் தொடுவது அதைவிடத் தப்பு. அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

"மேடம், பன்னெண்டு குழாய், பன்னெண்டு பேர். எது யாருதுன்னுதான் தெரியல. பன்னெண்டும் நெகட்டிவா வந்துட்டா, எது யாருதா இருந்தா என்ன? பன்னெண்டு பேருக்குமே இல்லன்னுதானே அர்த்தம்?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஒண்ணே ஒண்ணு பாசிட்டிவா வந்தா?"

"வந்தா பன்னெண்டு பேருக்கும் இன்னிக்கு ரிப்போர்ட் இல்ல. ஆம்பளையா பொம்பளையான்னு ஊகம் பண்ண மாட்டேன். நாளைக்குத் திரும்ப எடுக்கட்டும்."

"அந்த எட்டுப் பேர் ஒரே படகும்மா" என்றார் மெதுவாக. எனக்கும் தெரியும். ஒரே படகில் ஒரே சட்டியில் தின்று, தோளோடு தோள் ஒட்டித் தூங்குகிற எட்டுப் பேர். அவர்களில் ஒருவருக்குக்கூட ஒட்டாமல் இருக்க வேண்டும். கேட்கவே பேராசையாக இருந்தது.

டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். "ஓட்டு" என்றார். "ஆனா நீ தொடாதே. அவ செய்யட்டும்."

அவள் என்றது என்னோடு வேலை பார்த்த பெரம்பூர்ப் பெண்ணை. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். எல்லாவற்றையும் டயம் டேபிள் போட்டுத்தான் செய்வாள். மெஷினில் வைக்கிற தட்டில் எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு குழி. எங்கள் பன்னிரண்டுக்கும் அவள் நாலாவது வரிசையை முழுசாக ஒதுக்கினாள். பன்னிரண்டரைக்குத் தட்டு மெஷினுக்குள் போனது.

மெஷின் ஓடும்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. அம்மா நாலு தரம் போன் பண்ணினாள். ஆட்டோ தயாராக நிற்கிறது, துணிமணி கட்டியாயிற்று, ரிப்போர்ட் எப்போது என்றாள். மெஷினில் இருக்கிறது என்றேன், அது பொய்யில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நைனா கேட்டுக்குப் பக்கத்தில் மதில் நிழலில் குந்தியிருந்தார். அவருடைய வேலை பத்தரைக்கே முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம். அவர் போகவில்லை. வாட்ச்மேன் டீ நீட்டியபோது வேண்டாமென்று கையாட்டியதைப் பார்த்தேன். போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் ஜன்னலை விட்டு நகரவில்லை.

இரண்டே காலுக்கு ஓட்டம் முடிந்தது. திரையில் வைரஸ் இருந்தால் கோடு தரையிலிருந்து கிளம்பி வளைந்து மேலே ஏறும். இல்லையென்றால் படுத்தே கிடக்கும். மற்ற வரிசைகளில் ஏறிய கோடுகள் எத்தனையோ இருந்தன. நாலாவது வரிசையை மட்டும் தனியாகக் காட்டும்படி பெரம்பூர்க்காரி தட்டினாள்.

பன்னிரண்டும் படுத்துக் கிடந்தன.

நான் கத்தியேவிட்டேன். டாக்டர் கையை உயர்த்தினார். "இரு. மனுஷக் கோட்டைப் பாரு."

ஒவ்வொரு குழிக்கும் இன்னொரு கோடும் உண்டு. மனித உடம்பில் இருக்கிற ஒரு மரபணுவை அது தேடும். குச்சியில் நிஜமாகவே ஓர் ஆளின் சளி வந்திருக்கிறதா என்று உறுதி செய்வதற்கு. அந்தக் கோடு கட்டாயம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்தக் குழாயில் ஆளே இல்லை என்று அர்த்தம். வைரஸ் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது. பதினோரு கோடு ஏறியிருந்தது. ஏழாவது குழிக்கு ஏறவில்லை.

பன்னிரண்டில் ஒருவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. அது யார் என்றும் தெரியாது. ஆகவே பன்னிரண்டு பேரில் யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்ல முடியாது. நான் கட்டிய கணக்கு என் கழுத்திலேயே மாட்டிக்கொண்டது.

"குச்சியை மேலாக்கத் தொட்டு எடுத்திருப்பாங்க" என்றார் டாக்டர். "இல்லேன்னா சளி குச்சியை விட்டு இறங்கியிருக்காது. அந்தக் குழாயை நல்லாக் குலுக்கி, மறுபடி முதல்லேர்ந்து பிரிச்சு ஓட்டுங்க."

பெரம்பூர்க்காரி மறுபடி முழு உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். சாப்பிட வாங்கி வைத்த பொட்டலத்தை அவள் இன்னும் பிரிக்கவேயில்லை. மணி இரண்டரை. பிரிக்க ஒரு மணி நேரம், ஓட ஒன்றரை மணி நேரம். நான் வெளியே போய் நைனாவுக்குப் பக்கத்தில் மதில் ஓரம் உட்கார்ந்தேன்.

"நைனா, தப்பு எம்மேலயும் கீது. நான்தான் வாரிக் கொட்டிட்டேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "உந்தங்கச்சியாமே. வாட்ச்மேன் சொன்னான்."

"ஆமா."

"முப்பது வருசத்துல ஒரு மீனுக்குக்கூட நான் கெட்ட ஐஸு வெச்சதில்லமா. கெட்டுப்போவக் கூடாதுன்னுதான் வெச்சேன். பேரு போவும்னு தோணவே இல்ல" என்றார். "எம்பொண்ணுக்கும் போன வருஷம்தான் ஆச்சு. கொயந்தைய நாலு நாளு காட்டல, மஞ்ச காமாலைன்னு. பைத்தியம் புட்ச்ச மாதிரி இருந்தா. அந்தப் பாவம் எனுக்கு வேணாம்மா."

ஐஸ் நல்ல ஐஸ்தான் என்றேன். மூன்று டிகிரி, எந்த மாதிரியும் கெடவில்லை, அதனால்தான் பதினோரு கோடு ஒழுங்காக ஏறியது என்றேன். அவருக்குக் கோடு புரியவில்லை. ஐஸ் நல்ல ஐஸ் என்றது புரிந்தது. "அப்ப பென்சிலால எய்தச் சொல்லுமா, தண்ணியில போவாது" என்றார். மறுவாரத்திலிருந்து முகாமில் பென்சிலால்தான் எழுதினார்கள்.

நாலே முக்காலுக்கு மூவரும் திரைக்கு முன்னால் நின்றோம். இம்முறை ஒரே ஒரு குழி. ஓட்டம் ஒவ்வொரு சுற்றாக வளர்வது தெரிந்தது. இருபத்து நாலாவது சுற்று வரைக்கும் இரண்டு கோடும் தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன. ஒரு கோடு எழ வேண்டும், இன்னொரு கோடு எழக் கூடாது என்று ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான். இருபத்தாறில் ஒரு கோடு தலையைத் தூக்கியது.

"எது? எது அது?" என்றேன். நிறம்கூட எனக்குக் கண்ணில் தெரியவில்லை.

"மனுஷன்" என்றாள் பெரம்பூர்க்காரி. "மனுஷன்டி."

வைரஸ் கோடு கடைசிச் சுற்று வரைக்கும் அசையவில்லை. டாக்டர் நடந்ததை எல்லாம், ஐஸ், மை, அள்ளிக் கொட்டியது உட்பட, கோப்பில் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு பன்னிரண்டு ரிப்போர்ட்டிலும் ஒவ்வொன்றாகக் கையெழுத்து. நாலாவதைக் கையில் வாங்கியபோது மணி ஆறு ஆகவில்லை. நான் போட்டோ எடுத்து அனுப்பினேன், பிறகு போன் பண்ணினேன். எடுத்தது தங்கச்சி புருஷன். "வந்துச்சி, வந்துச்சி, ஆட்டோ கெளம்பிச்சி" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். கேட்டுக்கு ஓடி நைனாவிடம் பன்னிரண்டு பேருக்கும் இல்லை என்று சொன்னேன். அவர் எழுந்திருக்கப் பார்த்து, கால் மரத்துப்போய், மறுபடி உட்கார்ந்தார். வாட்ச்மேனிடம் டீ கேட்டார்.

மறுநாள் காலை பத்தரைக்கு நான் முழு உடுப்போடு பிரிக்கும் அறைக்குள் இருந்தேன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. பெரம்பூர்க்காரி வெளியிலிருந்து கண்ணாடிச் சுவரைத் தட்டினாள். என் போனில் வந்த படத்தை அவள் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினாள். முகத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கண்ணாடிக்குள் கண் நிறைந்துவிட்டால் துடைக்க வழியில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்த்தேன். பிரசவ வார்டுக் கட்டிலில் தங்கச்சி ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பிள்ளை அவள் கைக்குள் இருந்தது.